கடலோர வீடும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றுக்கு இசைந்த கடலோர வீடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடற்கரையில் வீசுவது ஒரே காற்று அல்ல. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் வீசும் கடற்காற்று ஒன்று. எப்போதோ ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் போகும் புயல் மற்றொன்று. முதலாவதை வீட்டுக்குள் வரவேற்க வேண்டும். இரண்டாவதை வாசலிலேயே நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே வீடு செய்தாக வேண்டும் என்பதில்தான் கடலோர வடிவமைப்பின் சிரமம் முழுவதும் இருக்கிறது. புயலை மட்டும் நினைத்துக் கட்டினால் மூச்சு முட்டும் கான்கிரீட் பெட்டி மிஞ்சும். கடற்காற்றை மட்டும் நினைத்துக் கட்டினால் முதல் பெரும் புயலில் கூரை போய்விடும்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் நல்ல கடற்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. வேகம் ஐந்து மடங்காகி 180 கிலோமீட்டரைத் தொட்டால் தள்ளுவிசை 25 மடங்காகி 150 கிலோவைத் தாண்டும். 2 சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று அப்போது 300 கிலோவைத் தாங்கி நிற்க வேண்டும்.

மனை வாங்கியாகிவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வரைபடம் போடுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே வளர்ந்து நிற்பதைப் பாருங்கள். கடலை ஒட்டிய புதர்களைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால், கடல் பக்கம் தரையோடு ஒட்டித் தொடங்கி, உள்பக்கம் போகப் போக உயர்ந்து, ஒரு சரிவு போலத் தெரியும். யாரும் கத்தரித்ததில்லை. காற்றோடு வரும் உப்புத் துளிகள் கடல் பக்கத்து மொட்டுகளைக் கருக்கிவிடுகின்றன. மறைவில் இருக்கும் மொட்டுகள் மட்டும் தழைக்கின்றன. ஒவ்வொரு இலையும் தனக்குப் பின்னால் இருக்கும் இலைக்குக் கொஞ்சம் மறைவு தருவதால் சரிவு மெல்ல மெல்ல உயர்கிறது. அந்தச் சரிவின் மேல் காற்று முட்டி மோதாமல் ஏறிப் போகிறது. எந்தத் திசையிலிருந்து வலுவான காற்று வருகிறது, எந்த உயரம் வரை உப்பு கடுமையாகத் தாக்குகிறது என்ற இரண்டு விவரங்களும் அந்தப் புதரிலேயே பதிவாகியிருக்கின்றன.

அடுத்தது, அருகில் உள்ள வானிலை நிலையத்தின் பதிவுகள். குறைந்தது பத்து ஆண்டுக் காற்றுத் திசை, வேக விவரங்களை மாதவாரியாகவும், முடிந்தால் காலை, மாலை என்று பிரித்தும் வாங்குங்கள். ஆண்டுச் சராசரி என்று ஒரே எண்ணைத் தந்தால் அது பயன்படாது. இந்தக் கருவிகள் வழக்கமாகத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் ஜன்னல் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், மரங்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் நடுவில் இருக்கும். அங்கே கிடைக்கும் காற்று வேறு. எனவே பதிவைத் திசைக்கு நம்புங்கள், வேகத்துக்கு மனையிலேயே நின்று பாருங்கள். ஒரு குச்சியில் நீளமான துணி நாடாவைக் கட்டி மனையின் நான்கு மூலைகளிலும் நட்டு வைத்தால் போதும். வெவ்வேறு நேரங்களில் அது எப்படிப் பறக்கிறது என்பது விலை உயர்ந்த கணினி மாதிரிகள் சொல்லத் தவறுவதைக்கூடச் சில சமயம் சொல்லும்.

பகலில் ஒரு பக்கமும் இரவில் மறு பக்கமும் காற்று வீசுவது ஏன்?

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும். கடல் மெதுவாகச் சூடாகும். நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் ஓட்டம் திரும்பிவிடுகிறது. இரவுக் காற்று பெரும்பாலும் பகல் காற்றைவிட மெலிந்தது. படுக்கையறை கடல் பக்கம் இருந்தால்தான் குளிர்ச்சி என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தூங்கும் நேரத்தில் காற்று நிலத்தின் பக்கமிருந்து வரும். அந்தப் பக்கம் சுவர் முழுவதும் அடைத்திருந்தால் கடலைப் பார்த்த ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் புழுங்கத்தான் செய்யும்.

அப்படியானால் வீட்டை எந்தத் திசை பார்த்து வைப்பது?

காற்றுக்கு நேராக முகம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சற்றுச் சாய்வாக, 45 டிகிரி வரை திரும்பி நின்றாலும் காற்றோட்டம் நன்றாகவே இருக்கும். பல அறை அமைப்புகளில் காற்று மூலைகள் வரை பரவ அதுவே உதவும். உள்ளே வர ஒரு வழி, வெளியேற ஒரு வழி என்ற இரண்டும் முக்கியம். வெளியேறும் வழி உள்ளே வரும் வழிக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள ஆழம் அறை உயரத்தின் ஐந்து மடங்குக்கு மேல் போனால் காற்று நடுவிலேயே தேங்கிவிடும். 3 மீட்டர் உயர அறை என்றால் 15 மீட்டர்தான் எல்லை. அதனால்தான் கடலோரத்தில் ஒடுக்கமான, நீளமான வீடு சதுர வீட்டைவிட நன்றாக மூச்சு விடுகிறது.

உடலின் மேல் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலத் தோன்றும். அதற்கு மேல் போனால் மேசைக் காகிதம் பறக்கத் தொடங்கும். ஆகவே ஜன்னலின் அளவைவிட அதைக் கூட்டிக் குறைக்கும் வசதிதான் முக்கியம். முழுவதும் திறக்கும் ஒரு பெரிய பலகையைவிடச் சாய்த்துத் திருப்பக்கூடிய மரத் தட்டிகள் எனக்குப் பிடித்தமானவை. மழை பெய்யும்போதும் அவை காற்றை விடும்.

கடலைப் பார்த்து முழுச் சுவரும் கண்ணாடியாக வேண்டும் என்று ஆசை. தவறா?

ஆசை நியாயமானதே. ஆனால் அதற்கு என்ன ஈடு கொடுக்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். புயலில் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் காற்று அல்ல. காற்று சுமந்து வரும் ஓடு, பலகை, மரக்கிளை. ஒரு ஜன்னல் உடைந்த கணத்தில் வீட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வெளியே கூரையை மேல்நோக்கி உறிஞ்சும் விசை ஏற்கெனவே இருக்கிறது. இப்போது உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க விதித்தொகுப்பான ஏஎஸ்சிஇ 7, மூடிய வீட்டின் உள்ளழுத்தக் கெழுவை, அதாவது உள்ளே ஏறும் அழுத்தத்தைக் கணக்கிடும் எண்ணை, 0.18 என்றும், ஒரு பக்கம் திறந்துவிட்ட வீட்டுக்கு 0.55 என்றும் வைக்கிறது. ஒரு கண்ணாடி போனதற்கு மூன்று மடங்கு தண்டனை. கூரைகள் பறப்பது பல நேரங்களில் இப்படித்தான்.

1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி தாக்கிய பிறகு தெற்கு ஃபுளோரிடாவில் ஜன்னல்களுக்கான சோதனை கடுமையாக்கப்பட்டது. சுமார் 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கண்ணாடி மேல் எறிந்து பார்க்கிறார்கள். கண்ணாடியில் விரிசல் விழலாம். ஆனால் வழி திறந்துவிடக் கூடாது. நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடிதான் இதைத் தாங்கும். அல்லது சாதாரணக் கண்ணாடிக்கு வெளியே உறுதியான மரக் கதவுகளோ இழுத்து மூடும் உலோகத் தட்டிகளோ வைக்கலாம். பின்னது பழைய முறை, பராமரிப்பதும் எளிது.

என் கருத்தைக் கேட்டால், கடல் முழுவதையும் எல்லா அறைகளுக்கும் காட்ட வேண்டியதில்லை. நன்றாக இடம் பார்த்து வைத்த ஒரு ஜன்னலில் கடல் இன்னும் ஆழமாகத் தெரியும். மேற்குக் கடற்கரையாக இருந்தால் மாலை வெயிலும் அந்தக் கண்ணாடி வழியாகவே முழுவதுமாக உள்ளே இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கண்ணாடிப் பரப்பில் வானம் பிரதிபலிப்பதால் பறவைகள் மோதி இறப்பதும் உண்டு.

கூரைக்கு எந்த வடிவம் நல்லது?

நான்கு பக்கமும் சரிந்த கூரை, சுமார் 30 டிகிரி சாய்வில். புயல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு ஒரு சரிவுதான் கிடைக்கும். முட்டுவதற்குச் செங்குத்தான முக்கோணச் சுவர் இருக்காது. இரண்டு பக்கச் சரிவுக் கூரையில் அந்த முக்கோணச் சுவர்தான் முதலில் சரியும் இடம். தட்டையான லேசான கூரை இன்னும் மோசம்: காற்று விளிம்பில் பிரிந்து சுழலும்போது மேற்பரப்பு முழுவதும் உறிஞ்சப்படுகிறது. மூலைகளில் இந்த உறிஞ்சல் நடுப்பகுதியைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். எனவே திருகாணிகளை எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் அடிப்பது பொருந்தாது. விளிம்பிலும் மூலையிலும் நெருக்கமாக அடிக்க வேண்டும்.

வெளியே நீளும் கூரை விளிம்பு வெயிலையும் மழையையும் தடுக்கும். ஆனால் புயலில் அதற்குக் கீழிருந்து தள்ளல், மேலிருந்து உறிஞ்சல் என்று இரட்டை அடி. நான் முதன்மைக் கூரையை அரை மீட்டருக்கு மேல் நீட்டுவதில்லை. நிழலுக்குத் தாழ்வாரம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூரை, தனித் தூண், தனி இணைப்பு. தாழ்வாரம் பிய்ந்து போனாலும் வீட்டின் கூரையை அது இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

வலுவான தகடு போட்டால் போதாதா?

போதாது. 1974 டிசம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயல் இதை மறக்க முடியாதபடி காட்டியது. காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டரைப் பதிவு செய்துவிட்டுப் பழுதாகிப் போனது. நகரத்தின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது இதுதான்: தகடுகள் ஒரே அடியில் பிய்ந்து போகவில்லை. புயல் காற்று சீராக அழுத்துவதில்லை. தூக்கும், விடும், மறுபடி தூக்கும். மணிக்கணக்கில் இப்படி ஆடியதில் திருகாணித் தலையைச் சுற்றித் தகட்டில் மெல்லிய விரிசல்கள் கிளம்பின. விரிசல்கள் நீண்டு சேர்ந்ததும் தகடு திருகாணியின் தலைக்கு மேலாகவே கழன்று வந்துவிட்டது. திருகாணி சட்டத்தில் அப்படியே நின்றது.

ஓரிடத்தில் தகடு கழன்றதும் பக்கத்தில் உள்ள திருகாணி உடனே அந்தச் சுமையையும் சேர்த்து ஏற்கிறது. அதன் முறையும் விரைவில் வருகிறது. அகலமான வாஷர், நெருக்கமான திருகாணிகள், ஒரே அழுத்தத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிச் செய்யும் சோதனை எல்லாம் அங்கே விதியானது அதற்குப் பிறகுதான்.

தகட்டுக்குப் பிறகு, சங்கிலியின் மற்ற கண்ணிகள். தகட்டிலிருந்து ரீப்பர், ரீப்பரிலிருந்து கைமரம், கைமரத்திலிருந்து சுவர் மேல் விட்டம், விட்டத்திலிருந்து அடித்தளம் என்று தூக்குவிசை இறங்கும் வழி எங்கும் அறுபடக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் உலோகப் பட்டை வேண்டும். கைமரத்தைச் சுவர் மேல் வைத்து இரண்டு ஆணி அடித்தால் அது கீழே விழாது, உண்மைதான். புயல் அதை மேலே தூக்கும்போது அந்த ஆணிகளால் எதுவும் செய்ய முடியாது.

பழைய கடலோர ஊர்களில் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா?

நிறைய. பிலிப்பைன்ஸின் பத்தானஸ் தீவுகளில் இவாத்தான் மக்கள் தடித்த கல் சுவரும் மிகத் தடித்த புல் கூரையும் கொண்ட வீடுகளைக் கட்டினார்கள். கடும் புயல் வரும் திசைச் சுவரில் ஜன்னலே கிடையாது. மற்ற மூன்று பக்கங்களில்தான். ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் பழைய கல் வீடுகளின் மூலைகள் வளைந்திருக்கும். கூரை சுவருக்கு வெளியே நீளவே நீளாது. அதன் மேல் கயிறு போட்டு, கயிற்று முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கொரியாவின் ஜேஜு தீவிலும் புல் கூரையைக் கயிற்றால் கட்டம் கட்டமாக இறுக்கியிருப்பார்கள். இந்தத் தீவுகளுக்கிடையே பழக்கமோ பேச்சோ இருந்ததில்லை. ஆனாலும் தாழ்ந்த கூரை, இறுக்கிய கயிறு என்று ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இவற்றை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. இவற்றில் குளிர்ப் பிரதேசத்து வீடும் உண்டு. வெப்பக் கடற்கரையில் அது அவிந்துபோகும். எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாகச் சுவர் எழுப்பும் புத்தியை. நாம் இன்று நான்கு பக்கமும் ஒரே ஜன்னலை வைத்துக் கட்டுகிறோம்.

நவீனக் கட்டடங்களில் எதைப் பார்க்கலாம்?

கலிஃபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் உள்ள சீ ரேஞ்ச் குடியிருப்பை விரிவாகப் பார்ப்பது நல்லது. 1960-களில் நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்பிரின் இதற்குத் திட்டம் வகுத்தார். அது முன்பு ஆட்டுப் பண்ணை. வடமேற்குக் காற்று விடாமல் அடிக்கும் சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கரை. பண்ணைக்காரர்கள் காற்றைத் தடுக்க நட்ட சைப்ரஸ் மர வரிசைகள் கடலை நோக்கிக் குறுக்காக ஓடின. ஹால்பிரின் அந்த வரிசைகளையே திட்டத்தின் முதுகெலும்பாக வைத்தார். வீடுகள் மரங்களின் மறைவில் ஒட்டி நிற்க, நடுவில் உள்ள புல்வெளிகள் பொதுவாகத் திறந்து விடப்பட்டன.

ஜோசப் எஷெரிக் அந்த மர வரிசையை ஒட்டிக் கட்டிய வீடுகளின் கூரைகள், காற்றால் சரிந்த மரங்களின் அதே சாய்வில் எழுந்தன. சார்லஸ் மூர், டான்லின் லிண்டன், வில்லியம் டர்ன்புல், ரிச்சர்ட் விட்டேக்கர் ஆகியோர் 1965-ல் கட்டிய முதல் தொகுப்பில் பத்து வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. வீடுகளே காற்றைத் தடுக்க, முற்றம் மறைவிடமாகிறது. ஒற்றைச் சரிவுக் கூரை; வெளிநீட்டம் அறவே இல்லை. சாயம் பூசாத ரெட்வுட் பலகை உப்புக் காற்றில் சாம்பல் நிறமாகி நிலத்தோடு சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வீட்டின் அழகைவிட, புல்வெளியை யாருக்கும் விற்காமல் விட்ட முடிவுதான். பிற்காலத்தில் வழக்கமான மனைகளாகப் பிரித்த பகுதிகளோடு ஒப்பிட்டால் அந்த முடிவின் அருமை கண்ணுக்குத் தெரியும்.

வெப்பக் கடற்கரைக்கு, கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில் 1994-ல் முடித்த மரிகா–ஆல்டர்டன் வீடு. ஜன்னலில் கண்ணாடி இல்லை. தூக்கித் திறக்கும் ஒட்டுப்பலகைத் தட்டிகளும் இடைவெளி விட்ட மரச் சட்டங்களும்தான் சுவர். எஃகுச் சட்டகத்தில் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் வெள்ளமும் காற்றும் அடியில் போகும். புயல் நேரத்தில் உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடக் கூரை முகட்டில் சுழலும் குழாய்கள் இருக்கின்றன. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு காற்றுகளுக்கும் ஒரே வீட்டில் பதில் சொன்ன கட்டடம் இது.

உயரமான மதில் எழுப்பினால் காற்று அடங்குமா?

மதிலுக்கு உடனடியாகப் பின்னால் அடங்கும். சற்றுத் தள்ளிக் காற்று மேலிருந்து சுழன்று கீழே பாயும், முன்பைவிட மோசமாக. பாதியளவு இடைவெளி உள்ள தடுப்பு நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் காற்று ஊடே போவதால் பின்னால் சுழல் உருவாவதில்லை. ஜேஜு தீவில் சாந்து பூசாமல் அடுக்கிய எரிமலைக் கல் மதில்களின் சந்துகள் வழியாகக் காற்று போகும். அதனால்தான் அவை விழாமல் நிற்கின்றன. அடர்த்தியும் இடைவெளியும் சரியாக உள்ள 5 மீட்டர் உயர மர வரிசை, பின்னால் 50 மீட்டர் வரை, அதாவது தன் உயரத்தின் பத்து மடங்குக்கு, நல்ல மறைவைத் தரும். வரிசையின் நடுவில் ஒரே ஒரு இடைவெளி விட்டால் அந்த வழியில் காற்று பிதுங்கி வேகம் கூடும். நடைபாதை வேண்டுமென்றால் நேராக வெட்டாமல் வளைத்து விடுங்கள்.

எந்த மரங்களை நடலாம்?

அந்தக் கரையில் தானாக வளர்வதையே. வெப்பக் கடற்கரைகளில் புன்னை, பூவரசு, தாழை ஆகியவை உப்பையும் காற்றையும் தாங்கும். நெய்தல் பாடல்களில் புன்னையும் தாழையும் அடும்பும் திரும்பத் திரும்ப வருவது காரணமில்லாமல் இல்லை. அவை கரையில் நிற்கத் தெரிந்தவை. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் புன்னையைப் போன்ற தடித்த இலை கொண்ட ஃபுகுகி மரங்களை வீட்டைச் சுற்றி வேலியாக வளர்த்துப் புயலைத் தாங்குகிறார்கள்.

சவுக்கைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். விரைவாக வளரும், காற்றைக் குறைக்கும், உண்மை. ஆனால் அதன் கீழே விழுந்து படியும் சருகு மற்ற செடிகளை முளைக்க விடாது. தாழ்வான செடிகள் இல்லாத மணல் அலை வந்தால் எளிதில் அரித்துப் போகும். கரை முகப்பில் சவுக்கை நடுவதை நான் ஏற்பதில்லை. உள்ளே தள்ளி, மற்ற மரங்களோடு கலந்து நடலாம்.

கடல் தெரியவில்லை. மணல்மேட்டைக் கொஞ்சம் சமப்படுத்தலாமா?

கூடாது. மணல்மேடு உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கும் முதல் அரண்; அதற்கு ஒரு குணமும் உண்டு. புயல் அலை வரும்போது தன் மணலைக் கொடுத்து அலையின் வலுவைக் குறைக்கிறது. அமைதியான மாதங்களில் காற்றும் செடிகளும் மணலைத் திரும்பச் சேர்க்கின்றன. அடும்பின் கொடி மணலில் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். இராவணன் மீசைப் புல் பறந்து வரும் மணலைப் பிடித்து, மணல் மூட மூட மேலே வளரும். இந்த இரண்டும் போனால் மேடு காற்றில் கரைந்து உங்கள் வாசலில் வந்து குவியும்.

கடல் தெரிய வேண்டுமென்றால் வீட்டை உயர்த்துங்கள். கரைக்குப் போக, மேட்டின் மேல் தூண்களில் நிற்கும் மரப் பாதை போடுங்கள். பலரும் ஒரே இடத்தில் நடந்தால் செடி சாகும். செடி செத்த தடத்தில் காற்று நுழைந்து மேட்டைப் பிளக்கும்.

கடல் தடுப்புச் சுவர் கட்டுவதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். செங்குத்தான சுவரில் மோதும் அலை தன் வலுவை இழக்காமல் திரும்பி, சுவரின் அடி மணலைத் தோண்டுகிறது. முதலில் கரை போகும், பிறகு சுவரும் சாயும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகள் மணலை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கத்துக்கு வராமல் செய்துவிடுகின்றன. உங்கள் கரை காப்பாற்றப்பட்டால் பக்கத்து ஊரின் கரை அரிக்கப்படும்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்? எவ்வளவு உயரத்தில்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பு இல்லாத பகுதிகளில் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை விதிக்கிறது. ஸ்பெயினின் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 100 மீட்டர் பாதுகாப்புப் பட்டையை வைத்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் கோடு பாதுகாப்பான கோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரை ஆண்டுக்கு எவ்வளவு பின்வாங்குகிறது என்பதைப் பழைய நில அளவை வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுக் கண்டுபிடியுங்கள். அதை வீட்டின் ஆயுள் ஆண்டுகளால் பெருக்குங்கள். வந்த தூரத்துக்கு மேல் ஒரு பெரும்புயல் தின்னும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு: ஐநா-வின் பருவநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. பசுங்குடில் வாயு வெளியேற்றம் மிக அதிகமாக இருக்கும் பாதையில் 2100-க்குள் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை உயரும் வாய்ப்பு இருக்கிறது. இன்று கட்டும் வீடு அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியைப் பார்க்கப்போகிறது. புயல் அலை ஏறும் உயரத்துக்கு மேல் தரைமட்டத்தை வைத்து, கீழே தூண்களை மட்டும் விடுங்கள். கீழ்த் தளத்தைச் சுவரால் அடைத்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் தள்ளினால் தூண்களுக்குச் சேதம் இல்லாமல் பிரிந்து போகும் லேசான தட்டிகளால் அடையுங்கள். மண்ணை நம்பி மேலோட்டமான அடித்தளம் போடாதீர்கள். அலை மணலை அரித்த பிறகும் நிற்கும் ஆழத்துக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண், இறங்க வேண்டும்.

உப்பிலிருந்து கட்டடத்தை எப்படிக் காப்பது?

கடலோரக் கட்டடத்தைப் புயலைவிட மெதுவாகவும் உறுதியாகவும் கொல்வது உப்பு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே உள்ள கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கிறது. குளோரைடு கம்பியைச் சென்றடைந்ததும் அந்தப் படலம் உடைகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும்; அந்த நெருக்கத்தில் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே முதலில் தெரிவது கம்பியின் போக்கிலேயே ஓடும் மெல்லிய கீறலும் அதன் ஓரத்துப் பழுப்புக் கசிவும். அதன் மேல் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்து மறைப்பது வீட்டுக்குச் செய்யும் துரோகம்.

தடுக்கும் வழி எளிமையானது, ஆனால் கட்டும்போதே செய்தாக வேண்டும். கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் கவர் வேண்டும்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதி, சூழலின் கடுமையைப் பொறுத்து 45, 50, 75 மில்லிமீட்டர் என்று வைக்கிறது. தண்ணீர், சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. கலவை இறுகுகிறதே என்று வேலையாள் ஒரு வாளித் தண்ணீர் சேர்த்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண். ஆகவே கான்கிரீட் போடும் நாளில் பொறுப்பானவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். கழுவாத கடல் மணல் கூடவே கூடாது. நீராற்றுவதில் நாள்களைக் குறைக்காதீர்கள்.

உலோகத்தில், வெளியே தெரியும் இடங்களுக்கு 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு போதாது. மாலிப்டினம் கலந்த 316 வகை வேண்டும். அலுமினியச் சட்டத்தில் செம்பையோ பித்தளையையோ நேரடியாகத் தொடவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் நைலான் அல்லது ரப்பர் வைத்துப் பிரியுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: மழை படும் பரப்பைவிட மழை படாத பரப்புதான் வேகமாகத் துருப்பிடிக்கும். கைப்பிடிக் கம்பியின் மேல்பக்கத்தை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் விரலைத் தேய்த்தால் மாவு போல உப்பு ஒட்டும். அங்கேதான் பெயின்ட் முதலில் கொப்பளிக்கும். கூரை விளிம்பின் உள்பக்கம், ஏசி வைக்கும் சட்டம், படிக்கட்டின் அடி எல்லாம் இந்த வகை. மழை போய்ச் சேராத இடங்களை எளிதில் கை எட்டும்படி வடிவமைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

இரவு விளக்குகளுக்கு ஏன் கட்டுப்பாடு?

ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான தொடுவானை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். உங்கள் வீட்டு விளக்கு அதைவிட வெளிச்சமாக இருந்தால் அவை நிலத்தின் பக்கம் வந்து, காலைக்குள் வெயிலிலும் பறவை வாயிலும் மடியும். விளக்கைத் தாழ்வாக வையுங்கள், கடல் பக்கம் மறையுங்கள், 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் உள்ள செம்மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள். முட்டையிடும் மாதங்களில் தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

ஒரு வீடு அல்ல. வரிசையாகப் பல கட்டடங்கள் வரப்போகின்றன. என்ன கவனிக்க வேண்டும்?

முதல் வரிசை முழுக் காற்றையும் எடுத்துக்கொண்டால் பின் வரிசைக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு கட்டடத்தின் பின்னால் அதன் உயரத்தின் பல மடங்கு தூரத்துக்குக் காற்று செத்துக் கிடக்கும். எனவே முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, சந்துக்கு நேர் பின்னால் வீடு வருமாறு அமையுங்கள். உயரம் கரைப் பக்கம் குறைவாகவும் உள்ளே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். அந்தப் புதரின் சரிவைப் போலவே. நடுவில் ஒரே ஒரு உயரமான கோபுரம் எழுப்பினால் அது மேல் காற்றைப் பிடித்துத் தரைக்கு இறக்கும். அதன் அடியில் நடக்க முடியாத அளவுக்குச் சுழலும்.

பணம் குறைவு. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது?

பரப்பளவை விட்டுக்கொடுங்கள். ஓர் அறையைக் குறைத்து அந்தப் பணத்தில் இணைப்புப் பட்டைகள், சரியான திருகாணிகள், கான்கிரீட் கவர், ஜன்னல் தடுப்புகள் ஆகியவற்றை முழுமையாகச் செய்யுங்கள். தரைக்கல், மேற்பூச்சு, கண்ணாடிக் கைப்பிடி எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன பட்டையையும் கான்கிரீட்டுக்குள் போன கம்பியையும் பிறகு மாற்ற முடியாது. மரங்களை மட்டும் வீடு தொடங்குவதற்கு முன்பே நட்டுவிடுங்கள். ஒரு கன்று வேர் பிடித்துக் காற்றைத் தடுக்கும் உயரத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், கட்டுமானம் நடக்கும் காலமும் அதில் சேரட்டும். கன்றுகளுக்குக் கடல் பக்கத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு ஓலைத் தட்டியோ நிழல்வலையோ கட்டி வையுங்கள், இல்லையென்றால் மொட்டுகள் கருகிக்கொண்டே இருக்கும்.